ஹவாய்க்காகக் கேட்ட லீவு

எங்கள் ரூமில் என் அலையாடும் பலகையின்மேல் சப்பாத்தி தேய்த்தார்கள். இரண்டு பெயிண்ட் வாளிகளைக் கவிழ்த்து, பலகையைக் குறுக்கே போட்டு, மாவைத் தூவி, ஒருவர் உருட்ட ஒருவர் தேய்த்துக்கொண்டிருந்தபோது நான் வேலை முடிந்து உள்ளே வந்தேன். வந்த ஆத்திரத்தில் உருட்டி வைத்த மாவு மொத்தத்தையும் அள்ளிக் குப்பையில் போட்டேன். எட்டுப் பேருக்கும் அன்று கடையில் வாங்கிய குப்பூஸ் ரொட்டிதான் சாப்பாடு. அதற்கப்புறம் பலகையை யாரும் தொடவில்லை. இரண்டு நாள் என்னோடும் யாரும் பேசவில்லை.

துபாயில் சத்வாவில் இருந்தது அந்த ரூம். ஊர் முழுக்க கிரேன்களாக நின்ற காலம். நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். சாதாரண ஆளாக வந்து, அப்போது பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் ஃபோர்மேன் ஆகியிருந்தேன். ஃபோர்மேன் என்றாலும் மண்டிபோடாமல் முடியாது. லாபியில் ஒரு மூலை கோணினால் நான்தான் ரசமட்டத்தையும் ரப்பர் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். பதினோரு வருஷத்தில் என் முழங்கால் இரண்டும் ஒட்டகத்தின் கால் போலக் காய்த்துப் போயிருந்தது.

பலகை எனக்கு ஜுமேராவில் ஒரு வில்லாவில் கிடைத்தது. வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று காலி செய்துகொண்டு போயிருந்தது. குளியலறை டைல்ஸை மாற்றப் போன நாங்கள் கார் ஷெட்டில் சாமான்களை வைக்கப் போனபோது, குப்பைக்குப் போகக் காத்திருந்த பொருள்களோடு இதுவும் கிடந்தது. என் நெஞ்சு உயரம். அகலம் அதிகம். பின்பக்கம் சதுரமாக வெட்டியது. கூடவே வாத்துக்கால் போன்ற ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டு எடுத்து வந்தேன். எதற்கு எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்தில் ஏரியே நாலு மாசம்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை லீவு நாளில் அதைத் தூக்கிக்கொண்டு ஜுமேரா கடற்கரைக்கு நடந்தேன். டிவியில் பார்த்த மாதிரி எழுந்து நிற்கப் பார்த்தேன். நாலு வாரம் விழுந்தேன். ஐந்தாவது வாரம், பக்கத்தில் அலையாடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் பொறுக்க முடியாமல் வந்து, இது நிற்கிற பலகை இல்லை, மண்டிபோடுகிற பலகை என்றார். செருப்பைக் காலில் மாட்டி உதைக்க வேண்டும், அலை தூக்கும்போது முழங்காலை உள்ளே இழுத்து உட்கார வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடக் கடவுளே என்றிருந்தது. உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே காரியம் மண்டிபோடுவது. அன்று சாயங்காலமே ஓர் அலையில் கரைவரைக்கும் வந்தேன். இடுப்பளவுகூட இல்லாத அலை. கரைக்கு வந்து மணலில் உட்கார்ந்து சிரித்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல ஆளில்லை.

ரூமில் சொன்னால் கேலி செய்வார்கள். ஊரில் சொல்ல எனக்கு ஊரே இல்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. கூடப் பிறந்த ஒரே அக்காவோடு வீட்டு விஷயத்தில் பேச்சு அறுந்துபோனது. கடைசியாக லீவில் போனபோது திருச்சியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் ரூம் போட்டு, பதினோரு நாள் டிவி பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு துபாய்க்கே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நாலு வருஷம் லீவு கேட்கவே இல்லை. கல்யாணமும் ஆகவில்லை. முப்பத்தாறு வயதில் அதைப் பற்றிப் பேசுவதை எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள்.

ஹவாய் என்ற எண்ணம் ஓமானில் சலாலாவில் வந்தது. அங்கே ஒரு ஹோட்டலுக்கு டைல்ஸ் ஒட்ட எங்களை மூன்று மாதம் அனுப்பினார்கள். சலாலாவின் மழைக்காலம் அது. துபாய்க் கடல் ஒரு பாத்திரத்துத் தண்ணீர் என்றால் அது வேறு சாமான். கரையில் சிவப்புக் கொடி நட்டு, இறங்காதே என்று எழுதியிருந்தார்கள். நான் ஒரு நாள் இறங்கினேன். முதல் அலை என்னைத் தூக்கியது. பலகையில் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டேன். நாலைந்து நொடி இருக்கும். தலைக்கு மேல் தண்ணீர் கூரை மாதிரி வளைந்து வந்தது. அப்புறம் கூரை இடிந்தது. எது மேல் எது கீழ் என்று தெரியாமல் உருண்டு, ஒரு செருப்பைப் பறிகொடுத்து, மூக்கில் ரத்தத்தோடு கரையில் கிடந்தேன். பயந்துதான் போனேன். ஆனால் அந்த நாலு நொடிக்காக மறுபடியும் எதையும் செய்வேன் என்றும் தெரிந்தது.

துபாய் திரும்பியதும் சத்வாவில் ஒரு இன்டர்நெட் கடையில் உட்கார ஆரம்பித்தேன். உலகத்திலேயே பலமான அலை எங்கே என்று தேடினால் எல்லாப் பாதையும் ஹவாய்க்கே போனது. தீவின் வடக்குக் கரையில் குளிர்காலத்தில் வருகிற அலை. நடுவில் ஆயிரக்கணக்கான மைல் கடலில் தடுக்க ஒன்றுமில்லாமல் வந்து, ஆழமில்லாத பவளப்பாறையில் ஒரேயடியாக உடைகிறது. அலை குழல்போல் சுருளும்போது நிற்கிறவன் குனிய வேண்டும்; மண்டிபோட்டவன் அப்படியே உள்ளே போகலாம். அதைப் படித்த அன்று எனக்கு உடம்பே சிலிர்த்தது.

ஒரு வருஷம் திட்டம் போட்டேன். டைல்ஸ் அளவெடுக்கும் நோட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். எந்தக் கரை புதிதாக வருகிறவனுக்குச் சரி, எந்தக் கரையில் இறங்கவே கூடாது, பாறையில் கால் கிழியாமல் என்ன போடுவது. அங்கே அலையைப் பின்பக்கமிருந்து அளக்கிறார்கள். ஆறடி என்று சொன்னால் முன்பக்கம் பன்னிரண்டடி என்று தெரிந்தபோது கோபம் வந்தது. எந்த ஊர் மேஸ்திரி இப்படி அளப்பான்? மூச்சடக்கப் பழகினேன். சைட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஒரு பாலத்திலிருந்து அடுத்த பாலம்வரை மூச்சை விடாமல் போவேன். பக்கத்து சீட்டுக்காரர் எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்து ஒருமுறை பஸ்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

மண்டிப் பலகைக்காரர்கள் எழுதிக்கொள்ளும் ஒரு இணையப் பக்கம் இருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அங்கே கேள்வி கேட்டேன். ஹவாயிலேயே இருக்கும் ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதினார். காலோடு பலகையைக் கட்டும் கயிறு தடிமனாக இருக்க வேண்டும், டிசம்பரின் முதல் பாதியில் வா, வந்ததும் மூன்று நாள் தண்ணீரில் இறங்காமல் பார்த்துக்கொண்டே இரு என்றார். கடைசியில் ஒரு வரி. தனியாக மட்டும் வராதே, கூட ஒருத்தர் இல்லாமல் அந்தத் தண்ணீரில் யாரும் இறங்குவதில்லை. அந்த வரியையும் நோட்டில் எழுதினேன். அதற்கு நேரே மட்டும் டிக் அடிக்க முடியவில்லை.

வீடு கட்டச் சேர்த்த பணம் இருந்தது. வீட்டில் இருக்கத்தான் ஆளில்லை. ஆகவே பணத்துக்குக் கவலையில்லை. லீவுதான் சிக்கல். எங்கள் கம்பெனியில் டைல்ஸ்காரர்களில் டிசம்பருக்கு ஒருவரைத்தான் விடுவார்கள். அந்த முறைக்கு ஒரு வருஷம் முன்பே பெயர் கொடுக்க வேண்டும். வருகையும் லீவும் எழுதுகிற டைம்கீப்பர் ஒரு மலையாளி. நான் போய்க் கேட்டதும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மாஃபி. லிஸ்டு கலாஸ்" என்றார். இல்லை, லிஸ்டு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

"கல்யாணம்," என்றேன்.

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. ஆனால் வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இது புரியும். சாவுக்குப் போகிறவனைக்கூட அடக்கம்தான் முடிந்திருக்குமே என்று தடுப்பார்கள். கல்யாணத்துக்குப் போகிறவனைத் தடுக்க மாட்டார்கள்; அதுவும் வயது தாண்டிப்போனவனை. டைம்கீப்பர் பேனாவை வைத்துவிட்டுக் கை கொடுத்தார். மூன்றாம் நாள் டிசம்பர் லீவு எனக்குத்தான் என்று சொல்லி அனுப்பினார். யாருடைய பெயரை அடித்துவிட்டு என்னுடையதை எழுதினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வேண்டுமென்றேதான் கேட்கவில்லை.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். நான் கல்யாணம் என்று ஒரே ஒரு பொய் சொன்னேன். மீதிப் பொய்களை ரூமே எனக்காகச் சொல்லிவிட்டது. பெண் கறுப்பா சிவப்பா என்று நான் சொல்வதற்குள் அவர்களே சிவப்பு என்று முடிவு செய்தார்கள். எனக்குச் சட்டைத்துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தார்கள். பெண்ணுக்கு ஒரு சென்ட் பாட்டில் வந்தது. விசாவுக்காக, ஆபீசில் வாங்கி வைத்திருந்த பாஸ்போர்ட்டைப் பெண் வீட்டில் பார்க்க வேண்டுமாம் என்று கேட்டபோது, இதெல்லாமா கேட்கிறார்கள் என்று டைம்கீப்பர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

அமெரிக்க விசா எனக்குக் கிடைக்காது என்றுதான் நினைத்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி என் நோட்டைப் புரட்டினார். எதற்கு ஹவாய் என்றார். பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக் காட்டினேன். ஒரு காய்ப்பு வேலையில் வந்தது, இன்னொன்று அலையில் வந்தது என்றேன். திரும்பி வருவாயா என்றார். முப்பத்தோராம் நாள் ஒரு லாபி ஒட்ட வேண்டும், நான் வராவிட்டால் அது கோணிவிடும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் விசா கொடுத்தார். வெளியே வந்து வெயிலில் நின்று அந்தப் பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். டிராவல்ஸ் கடையில் ஹவாய்க்குச் சீட்டைப் பிடித்துவைக்கச் சொன்னேன். கம்பெனி கொடுத்த திருச்சி டிக்கெட்டை வாங்கி மடித்துப் பெட்டியில் போட்டேன்.

அப்புறம் பார்சல்கள் வர ஆரம்பித்தன. லீவில் போகிறவன் பெட்டி அவனுக்குச் சொந்தமில்லை. இது அங்கே சட்டம். ஆளுக்கு இரண்டு கிலோ. பால்பவுடர், கோடாலித் தைலம், சோப்பு, பொம்மைக் கார். ஒவ்வொன்றின்மேலும் மார்க்கர் பேனாவால் பெயரும் ஊரும். எல்லாவற்றையும் வாங்கி என் கட்டிலில் அடுக்கினேன். மனதுக்குள் இதையெல்லாம் கார்கோவில் போட்டுவிடலாம், பத்திருபது நாளில் போய்ச்சேரும், யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டிருந்தேன். என்ன ஒரு ஆள் நான்.

கடைசியாகக் கொடுத்தவர் கீழ்க்கட்டில் அண்ணன். நான் மேல்கட்டில், அவர் கீழ். ஆறு வருஷமாக அப்படி. புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். என் ஆட்களில் நல்ல டைல்ஸ்காரர். போன லீவில் ஊருக்குப் போய்த் திரும்பியபின் மகன் பிறந்தான். பையனுக்கு ஒன்றரை வயது. அவர் போட்டோவில்தான் பார்த்திருந்தார். நகைக்கடைத் தாளில் மடித்த சின்னப் பொட்டலம் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். பிரித்துக் காட்டினார். மிளகு அளவுக்கு இரண்டு தங்கத் தோடு.

கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில் குலதெய்வக் கோயிலில் பையனுக்கு மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள். மார்கழி பிறந்துவிட்டால் நல்ல காரியம் செய்ய மாட்டார்கள். இதைக் கார்கோவில் போட முடியாது, நீயே கையில் கொடு, முடிந்தால் நின்று பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல் என்றார்.

"நீங்க போகலையாண்ணே?" என்று கேட்டேன்.

அவர் தாளை மறுபடி மடித்துக்கொண்டே சிரித்தார். "என் டிசம்பரத்தானப்பா நீ எடுத்துக்கிட்டுப் போற." என் முகம் போன போக்கைப் பார்த்து உடனே கையைப் பிடித்தார். "சொல்லக்கூடாதுன்னுதான் எல்லார் வாயையும் அடைச்சு வச்சிருந்தேன். புள்ள எங்க போயிடப் போறான்? உனக்கு இந்த வயசுல ஒண்ணு அமைஞ்சிருக்கு. அது தட்டிப்போகக் கூடாதுல்ல."

மேல்கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டேன். பொட்டலம் கையிலேயே இருந்தது. உண்மையைச் சொல்லி ஹவாய்க்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். தோட்டை வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பலாமா என்றும் நினைத்தேன். இப்படியெல்லாம் நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஒரு வருஷம் மூச்சடக்கிப் பழகிய ஆசை அது. ஆனால் அந்த அலைக்குள் எவ்வளவு தூரம் போனாலும் அந்தத் தோடு கையில் இருக்கும் என்று தெரிந்தது.

மறுநாள் டைம்கீப்பரிடம் போய், கல்யாணம் நின்றுவிட்டது, டிசம்பரை அவருக்கே கொடுத்துவிடுங்கள் என்றேன். டிராவல்ஸில் ஹவாய்ச் சீட்டை விட்டுவிடச் சொன்னேன். ரூமில், பெண் வீட்டார் வயது அதிகம் என்று வேண்டாமென்றுவிட்டார்கள் என்றேன். இல்லாத அந்தக் குடும்பத்தை எட்டுத் திசையிலும் வைத்துத் திட்டினார்கள். கண் அவிந்த குடும்பம், உருப்படாது என்றார்கள். வெள்ளிக்கிழமை எனக்காகவே மட்டன் பிரியாணி போட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. தட்டை வைத்துவிட்டு அழுதேன். ஒருவர் முதுகைத் தடவினார், ஒருவர் தண்ணீர் கொடுத்தார். அழுதது நிஜம். அவர்கள் எதற்கு ஆறுதல் சொன்னார்களோ, அது மட்டும் நிஜமில்லை. அத்தனை பேர் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது அவ்வளவு தனியாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

அண்ணன் தோட்டையும், எல்லோரும் என்னிடம் கொடுத்திருந்த பார்சல்களையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார். காது குத்திய வாரத்தில் இன்டர்நெட் கடைக்குப் போனேன். ஹவாயில் அந்த வாரம் வந்த அலைகளைப் படம் போட்டிருந்தார்கள். ஒரே ஒரு படம் பார்த்தேன். குழலுக்குள் ஒருத்தன் மண்டிபோட்டிருந்தான். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஜனவரியில் அண்ணன் திரும்பினார். எல்லோருக்கும் அவரவர் வீட்டுப் பார்சல். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, என் பெயர் எழுதிய பார்சல் ஒன்றும் இருந்தது. அவர் மனைவி கொடுத்தனுப்பியது. முறுக்கும், முழங்காலுக்கு ஒரு பாட்டில் எண்ணெயும். வெள்ளிக்கிழமையானால் நான் நொண்டிக்கொண்டு வருவதை அவர் வீட்டில் சொல்லியிருக்கிறார். மொட்டைத் தலையும் தோடுமாய்ப் பையன் அவர் மடியில் அலறும் போட்டோவைக் காட்டினார். பிறகு, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல், அவரே என் காலை இழுத்து வைத்து எண்ணெய் தேய்த்தார். ஒரு பெண்ணுக்காக இப்படி இளைத்துப் போகலாமா என்றார்.

"பொண்ணே இல்லண்ணே," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஹவாய், நோட்டு, விசா, பொய்.

அவர் பாட்டிலைச் சாய்த்து உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டார். பிறகு, "அலைக்குன்னு கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்" என்றார். "நான் எதுக்குப் பொய் சொல்லணும்? குடுத்திருக்கவே மாட்டேன்."

அது எனக்கும் தெரியும். தெரிந்துதானே பொய் சொன்னேன். ஆனாலும் அவர் வாயால் கேட்டபோது வலித்தது. அவர் மற்ற முழங்காலையும் இழுத்துத் தேய்த்து முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "வர்ற வெள்ளிக்கிழம நானும் வர்றேன். அப்படி என்னதான் இருக்குன்னு காட்டு" என்றார்.

வந்தார். ஃபிளாஸ்க்கில் டீயும் சமோசாவும் வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அன்று காற்றே இல்லை. ரசமட்டம் வைத்து ஒட்டியதுபோல் கிடந்தது கடல். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். சும்மாவாவது காட்டலாமென்று உள்ளே போய்ப் பலகையில் மண்டிபோட்டேன். அலை இல்லாமல் அது ஆளைத் தாங்காது, அப்படியே முழுகினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினோம். வழியெல்லாம் பையனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

அந்த விசாவை நான் பயன்படுத்தவில்லை. என் அடுத்த லீவு வருமுன் கட்டிட வேலை படுத்துக் கிரேன்கள் ஓடாமல் நின்றன, கம்பெனி ஆட்களைக் கூட்டம் கூட்டமாக அனுப்பியது, நானும் பலகையை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டுத் திரும்பினேன். அதில் வருத்தம் குறைந்துவிட்டது. குறையாதது வேறு.

அவர் வந்துபோன அடுத்த வெள்ளிக்கிழமை வடக்கிலிருந்து நல்ல காற்று. ஜுமேராவில் நான் பார்த்ததிலேயே பெரிய அலை அன்றுதான் வந்தது, நெஞ்சளவு. வருகிறீர்களா என்று அவரைக் கேட்டிருந்தேன். துணி துவைக்க வேண்டும், நீ போய்விட்டு வா என்றார். ஓர் அலையில் கரைவரைக்கும் முழுசாக வந்தேன். வரும்போதே, போன வாரம் அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.